மேற்கு ஜன்னல்

அயோவாவிலிருந்து பதினான்கு பேர்.
வேனைவிட்டு இறங்கும்போதே கழுத்து சிவந்திருந்தது.
பலகைகள் அவர்களுக்கு முன்பே வந்துவிட்டன,
ஒவ்வொன்றிலும் எண் போட்டு.
எங்கள் சபையின் பங்குக்குத்
தளம் போட்டுக் காயவிட்டிருந்தோம்.
ஈரம் ஆறுமுன் ஒரு நாய் அதில் நடந்துபோயிற்று.
போதகர் எலாதியோ அந்தத் தடங்களைப் பூசவிடவில்லை,
முதல் விருந்தாளி என்றார்.

சான் கிந்தினில் காற்று கடலிலிருந்துதான்.
மார்ச்சில் மணலையும் வாரிக்கொண்டு வரும்.
ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்து வெள்ளைப் பிளாஸ்டிக் கூடாரங்கள்
இரவெல்லாம் படபடக்கும்.
ஒப்துலியா குடியிருந்ததும் அதே பிளாஸ்டிக்கில்,
தோட்டம் கழித்துப்போட்டது.

மொழிபெயர்ப்பு என் வேலை.
சம்பளம் இல்லை, மதியச் சாப்பாடு உண்டு.
ஒப்துலியா மிஸ்தெக்கில் சொல்வாள்,
மகன் நெரேயோ, ஒன்பது வயது, அதை ஸ்பானிஷில் சொல்வான்,
நான் ஆங்கிலத்தில்.
மூன்று கை மாறிய வாளித் தண்ணீர்.
வழியில் சிந்தியதில் கொஞ்சம்
நானே சிந்தியது.

செவ்வாய்க்கிழமை மேற்குச் சுவர் எழுந்தது.
வரைபடத்தில் உள்ளபடி அதில் ஜன்னல்.
டெஸ் என்ற பெண் சட்டத்துக்குள் தலையை நீட்டிக்
கடல் தெரிகிறது என்று கத்தினாள்.
எல்லோரும் ஓடிப் பார்த்தார்கள்.
ஒப்துலியாவும் பார்த்தாள்,
பிறகு மகனிடம் நீளமாக ஏதோ சொன்னாள்.

"ஜன்னல் இந்தப் பக்கம் வேண்டாமாம்,
ரோட்டுப் பக்கம் வேணுமாம்.
காலை நாலு மணிக்கு லாரி வரும், வெளிச்சம் தெரியணும்,
இல்லாட்டி அன்னைக்குக் கூலி போச்சாம்.
கடலை வச்சு என்ன செய்யன்னு கேக்கிறா."

மெர்ல் என்னைப் பார்த்தார்.
எழுபது வயதுக் கூரை வேலைக்காரர்,
உதட்டில் மூன்று ஆணி.
"நன்றி சொல்கிறாள்" என்றேன்.
ஆணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தார்.

இரவு சபையில் பீன்ஸ், சோள ரொட்டி.
அவர்கள் ஒரு பாட்டு, அதே மெட்டில் நாங்கள்.
சாட்சி சொல்ல எழுந்தவர்கள்
கொடுத்ததைவிடப் பெற்றுக்கொண்டதே அதிகம் என்றார்கள்.
அதை ஒரு சொல் விடாமல் ஸ்பானிஷில் சொன்னேன்.
கடைசி வரிசையில் ஒப்துலியா தலையாட்டிக்கொண்டிருந்தாள்.
மடியில் நெரேயோ தூங்கிவிட்டிருந்தான்.
அவளுக்கு ஒன்றுமே போய்ச் சேர்ந்திருக்காது.

புதன் காலை காபிக் குவளையோடு மெர்லிடம் போனேன்.
நேற்று ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிட்டேன்.
எதை?
நன்றியை.

அவர் தயவாகக் கேட்டார் என்று சொல்ல மாட்டேன்.
தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தார்.
வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும் என்றார் இரண்டு தடவை.
பிறகு ரோட்டுப் பக்கம் போய் நின்று
லாரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டார்.
எனக்குத் தெரியவில்லை.
பதினோரு வருஷமாக இந்தத் தெருவில் இருக்கிறேன்,
நானும் கேட்டதில்லை.
கேள்வி மூன்று கை மாறிப் போய்த் திரும்பி வந்தது:
ரெண்டு நிமிஷம். ஹாரன் அடிக்காது.

முதல் ஆணியை அவரே பிடுங்கினார்.

மேற்கில் விழுந்த ஓட்டையை ஒட்டுப்பலகையால் மூடினோம்.
மஞ்சள் பெயிண்ட் அதற்குள் தீர்ந்துபோனது.
சாவி கொடுத்து ஜெபம் முடித்துப்
படம் எடுக்க நின்றபோது
வெயில் அந்தப் பக்கம் என்பதால்
எல்லோரும் அந்தத் திட்டின் முன்னால்தான் நின்றார்கள்.
டெஸ் மட்டும் கொஞ்சம் முகம் தூக்கி.

அதன்பின் ஒருநாள், இருட்டில் வேலைக்குப் போகையில் பார்த்தேன்:
லாரி வெளிச்சம் ஜன்னலில் ஏறி
உள்சுவரில் நகர்ந்தது.
கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.
கையில் தூக்குவாளி, தலையில் துணி,
என்னைக் கவனிக்கவில்லை அவள்.

இந்த வருஷத்து வரைபடம் நேற்று வந்தது.
ஜன்னல் அதே மேற்கில்.
பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி.
தளம் இன்னும் போடவில்லை.
பட்டியலில் அடுத்த பேர் திரான்சிதா,
தோட்டத்திலிருந்து ஆறு மணிக்குத் திரும்புவாள்.
நெரேயோவைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.