அம்பு கழற்றும் நாள்

திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு
செபஸ்தியாரைப் பீடத்திலிருந்து இறக்குவார்கள்.
அம்பு கழற்றுவது என் வேலை.

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில்
முப்பத்தோரு வருஷம் கட்டுப் போட்டவள் என்பதால்
பங்குசாமி கேட்டார். மறுக்கத் தோன்றவில்லை.
ஆறு அம்பு. தேக்கு. நுனியில் பித்தளை.
முதலில் தொடை,
பிறகு விலா,
கழுத்தோரம் கடைசி.
அவசரப்பட்டு இழுத்தால் வர்ணம் பெயர்ந்து வரும்.
லேசாகத் திருகி,
மூச்சை மெல்ல வெளியே விடச் சொல்லி...
முதல் வருஷம் சொல்லியேவிட்டேன்.
"யார்கிட்ட பேசுறீங்க?" என்றார்
கோயில்பிள்ளை மரியந்துவான்.

தேங்காயெண்ணெய் தொட்ட பழந்துணி.
அக்குளில் போன வருஷத்து வேட்டுக்கரி,
முட்டி மடிப்பில் உப்பு.
உப்பனாற்றுக் காற்று மரத்தையும் விடுவதில்லை.
நேர்ச்சை மிளகு ஒன்று
கால்விரல் இடுக்கில் ஒளிந்திருக்கிறது.
வெளியே சப்பரத்துக்கு சீரியல் செட் சுற்றுகிறார்கள்,
எரியாத பச்சை பல்பைத் திட்டிக்கொண்டே.

அம்பில் அவர் சாகவில்லை.
பாதிப் பேருக்கு இது தெரியாது.
செத்தார் என்று விட்டுப்போன உடம்பை
எடுத்து அடக்கப் போனாள் ஐரின் என்றொரு விதவை.
நாடி இருந்தது.
வீட்டுக்குக் கொண்டுபோய்
புண் கழுவி, கஞ்சி ஊற்றி,
எத்தனை ராத்திரி விழித்தாளோ,
எழுதிவைக்க ஆளில்லை.
எழுந்து நடக்க ஆனதும்
அவர் நேரே ராயன் முன்னால் போய் நின்றார்.
இந்த முறை தடி.

மாவுக்கட்டுப் போட்டு நான் அனுப்பிய ஒருத்தி
அதே வீட்டுக்குத் திரும்பிப் போய்
ஆடியில் மறு கையோடு வந்தாள்.
அவர் கதை வேறு, தெரியும்.
கோபம் என்னவோ ஒன்றுதான்.
ஐரினுக்கும் வந்திருக்கும்.
பஞ்சைத் தூக்கி எறிந்திருப்பாள்,
பிறகு குனிந்து பொறுக்கியிருப்பாள்.

அவளுக்கு எங்கள் கோயிலில் சுரூபம் இல்லை.

ஏழாவது ஓட்டை இடது தோளில்.
தானே புயலில் கூரை பறந்த இரவு
அந்த அம்பும் போனது.
மூன்று வாரத்தில் திருநாள். தேர் இல்லை, கொட்டு இல்லை.
தார்ப்பாய்க்குக் கீழே ஈரச் சுவரில் சாய்ந்து நின்றார்.
புது அம்புக்கு ரசீது புத்தகம் அடித்தார்கள்,
வசூலும் ஆனது,
மைக்செட்டுக்குப் போயிற்று.
இப்போது அந்த ஓட்டையில்
குளவி மண் வைத்து அடைத்திருக்கிறது.
கிண்டி எடுக்கக் குச்சியோடு வந்தார் மரியந்துவான்.
ஆறிவரும் புண்ணில் கை வைக்காதீங்க என்றேன்,
வார்டில் பேசுகிற குரலில்.
குச்சியைக் கீழே போட்டுவிட்டார்.

துடைத்து முடிய மணி நாலரை.
இனி எல்லாவற்றையும் திரும்பக் குத்த வேண்டும்.
அம்பில்லாமல் அவரை
யாருக்கும் அடையாளம் தெரியாது.
ஒல்லியாக ஒரு வாலிபன்,
குழாயடியில் முறைக்கு நிற்பவன் மாதிரி.
டீ வரட்டும் என்று சொல்லிவிட்டு
ஆறையும் மடியில் வைத்துக்கொண்டு
படியில் உட்கார்ந்திருக்கிறேன்.
டீ வந்து
ஆடை கட்டிவிட்டது.