நடுவில் ஓர் ஆறு

ஞாயிறு.
கிழவருக்கு மருந்து கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு
பதுவா நகரத்துத் தேவாலயக் கூடத்துக்கு ஓடினேன்.
ஹங்கானு வந்திருந்தார்.
நீல டை, கோட்டில் தங்க நட்சத்திரக் குத்தூசி.
"நீஸ்தர் ஆறு நம் எல்லை.
எந்தப் படையின் பூட்ஸும் அதைத் தாண்டாது" என்றார்.
இங்கே வயசாளிகளைக் குளிப்பாட்டும் கைகள் எல்லாம் தட்டின.
என் கண்ணும் கலங்கியது, பொய் சொல்வானேன்.

சாயங்காலம் மாஸ்கோவிலிருந்து தங்கச்சி ரோதிகா.
போன வாரம் அங்கே,
கொத்தனார்கள் நடுவே, டை இல்லாமல் வந்தாராம்.
"நீஸ்தர் நம்மைக் கோத்த நூல்" என்றாராம்.
அவளும் அழுதிருக்கிறாள்.

மீனுக்கு வால், பாம்புக்குத் தலை.
நம் ஆற்றில் விலாங்கு உண்டோடி என்றேன்.
சிரித்தாள்.
அம்மாவைக் கேள் என்றாள்.

அம்மா போனை எடுக்க ரொம்ப நேரமானது.
வாத்துகளை அடைத்துக்கொண்டிருந்தாளாம்.
"ஹங்கானுவா? அது யாரு?
இங்கே ஒருத்தனும் வரலை.
வெள்ளத்தில் படகுத்துறை போனதிலிருந்து
உன் அத்தை அக்கரையில் நின்று கத்துகிறாள்,
ஏதோ கேட்கிறாள்,
உப்போ, மருந்தோ.
எதிர்க்காற்று.
பாதிதான் காதில் விழுகிறது.
இரு, மறுபடியும் கூப்பிடுகிறாள்."