காரணம் எழுதும் கட்டம்

படிவத்தில் ஒன்பதாவது கட்டம்:
தொழிலை முடிக்கும் காரணம்.
விரல் அகலம். நாற்பது எழுத்துக்கு மேல் ஏற்காது.
பதினெட்டு வருடமாக வல்டீவியாவில்
அடுத்தவர் கடைகளை மூடிக் கொடுக்கிறேன்.
'பொருளாதாரம்' என்று தட்டிவிட்டு
பத்தாவது கட்டத்துக்குப் போய்விடுவேன்.
ரொட்டிக்கடை, சைக்கிள் கடை,
நாய்க்கு முடி வெட்டும் கடை,
எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கின.

எலியானா ஓயார்சூன் அடங்கவில்லை.

மழை விடாத ஊரில் சலவைக்கடை.
பாதி வருடம் கொடியில் எதுவும் காயாது;
விறகுப் புகை ஸ்வெட்டருக்குள் குடியேறிவிடும்.
காலை ஏழுக்கு அவளது உலர்த்திகள் உறுமத் தொடங்கினால்
தெருவே கொஞ்சம் சூடாகும்.
மாணவர்களின் போர்வைகள்,
ஆற்றோரச் சந்தையிலிருந்து
செதில் ஒட்டியபடி வரும் ஏப்ரன்கள்.

கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள்.
அவளுக்கு உழக்கு மிஞ்சியது.
மார்ச்சில் ஒருநாள்
அந்த உழக்கை அவள் உழைத்த மணிகளால் வகுக்கச் சொன்னாள்.
வகுத்தேன்.
கவுண்டரில் நிற்கும் யெசிக்காவுக்கு அவள் தரும் கூலியைவிட
மணிக்கு நானூறு பெசோ குறைவு.
சிரித்தாள்.
"யெசிக்காவிடம் சொல்லிவிடாதே,
எனக்காக வருத்தப்படுவாள்."

மறுநாளும் ஏழுக்கு உறுமல் கேட்டது.
பாலத்தருகே, செயலியில் சொன்னால்
வீட்டுக்கே வந்து துணி எடுக்கும் கடை திறந்தபோதும் கேட்டது.
காஸ் விலை இருமுறை ஏறியபோதும்.
நானா சலவையா என்று நிபால்தோ கேட்டு,
பதிலுக்குக் காத்திராமல்
ஒசோர்னோ பஸ்ஸில் ஏறிப்போன காலையிலும்.

வங்கி கடன் தருகிறேன் என்ற நாளில்தான்
மூட முடிவெடுத்தாள்.

நான்கு புதிய உலர்த்திகள், எண்பத்து நாலு தவணை.
காகிதமெல்லாம் நான் தயாரித்தது;
கொஞ்சம் பெருமையோடுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.
பேனாவை எடுத்தாள்.
எண்பத்து நாலு, என்று வாய்விட்டுச் சொன்னாள்,
யாரோ ஒருவரின் வயதைச் சொல்வதுபோல.
பிறகு பேனாவை மூடி
மேலாளரின் மேசையில்
முன்பிருந்த அதே கோணத்தில் திரும்ப வைத்தாள்.

"முடியாது என்றிருந்தால் வீம்புக்கு நடத்தியிருப்பேன்,"
வெளியே, குடை விரிக்காமல் சொன்னாள்.
"சரி என்றதும்தான் தெரிந்தது,
எனக்கு அது வேண்டாம்."

இதை எப்படி நாற்பது எழுத்தில் அடைப்பது?
'களைப்பு' பொய்.
'விருப்பம்' என்று போட்டால் வரி அலுவலகத்திலிருந்து போன் வரும்.
பொருளாதாரம் என்றே தட்டினேன்.
தட்டியபோது ரொட்டிக்கடைக்காரர் நினைவுக்கு வந்தார்.
கையெழுத்துப் போட்டபின் அவர்
ஏதோ சொல்ல வாயெடுத்தார் அன்று.
நான் அச்சு எடுத்துக்கொண்டிருந்தேன்.

மே முப்பத்தொன்றோடு கடை சட்டப்படி முடிந்தது.
ஜூனில் பாதிக் கதவைத் திறந்து வைத்து
உரியவர் வராத துணிகளை
ஒவ்வொன்றாய் அனுப்பிக்கொண்டிருந்தாள்.
கடைசியில் என் அலுவலகத்துக்கே வந்தாள்,
கையில் பிளாஸ்டிக் உறையில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு.
இரண்டு குளிர்காலம் முன்பு நான் கொடுத்தது.
தொலைந்ததென்று வேறு வாங்கியிருந்தேன்.

"மூவாயிரத்து இருநூறு," என்றாள்.
கொடுத்தேன்.
புத்தகத்தின் கடைசி ரசீதைக் கிழித்துத் தந்து
மீதிச் சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.

முடிந்துபோன கடையின்
ஜூன் பத்தொன்பதாம் தேதி ரசீது.
எந்தக் கட்டத்திலும் சேர்க்க வழியில்லை.
மடித்துக் கோட்டுப் பையில் போட்டேன்.
பை அடிவரை காய்ந்திருந்தது.