இரண்டாம் ஆட்டம் விட்டு

கழனிவாசல் முக்கில்
கொத்துப் பரோட்டாச் சத்தத்துக்கு மேலே
கத்தித்தான் மார்க் போட வேண்டியிருந்தது.

சாத்தப்பன் பத்துக்கு நாலு.
அந்த நாலும் வில்லன் மீசைக்கு.
உமையாள் ஆறரை:
அழ வைத்ததற்கு ஏழு,
அழுது முடிக்குமுன் பாட்டுப் போட்டதற்கு
அரை பிடித்தம்.
இடைவேளையிலிருந்து குறட்டை விட்ட வீரசேகர்
ஒன்பது என்றான்.
"ஏசி அப்படி."

நீளம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி.
இன்னும் இருபது நிமிஷம்
வெட்டித் தள்ளியிருக்கலாமாம்.

சிக்கந்தர் சால்னாவை ஊற்றிக்கொண்டிருந்தான்.
போன சித்திரையில் கானாடுகாத்தானில்
மூன்று நாள்
தோளில் துண்டும் வெறுங்காலுமாய்
எழவு வீட்டுக் கூட்டத்தில் அவன் நின்றதும்
நாளுக்கு அறுநூறும் ஒரு தயிர்சாதமும் வாங்கியதும்
எனக்கு மட்டும் தெரியும்.
படத்திலோ அந்தப் பெரியவர்
ஒரு போன் காலில் செத்துப்போகிறார்.

"உனக்கு எவ்வளவுடா?"

எலும்பை உறிஞ்சி ஓரமாய் வைத்தான்.
"எட்டு.
எழவைக் காட்டாம விட்டான் பாரு,
அங்கதான்டா டைரக்டர் நிக்கிறான்."