பார்வையாளர் பதிவேடு

வடுவூர் ஏரிக்கு ஐந்து பேர் போனோம்,
நகைக்கடன் பிரிவு மொத்தமும்,
மேனேஜரிடம் மட்டும் சொல்லாமல்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்
இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டது.
அதற்குள் முறுக்குப் பொட்டலம் காலி.

கரையில் ஏறியதும் காற்று.
கார்த்திகை மாதத்து ஏரி
கருவேல மரங்களை இடுப்பளவு நிற்க வைத்திருந்தது.
கிளையெல்லாம் சுண்ணாம்பு அடித்தாற்போல் எச்சம்.
கோபுரத்தில் ஒரே ஒரு பைனாகுலர்,
அதற்கு ஐந்து கழுத்து.
வாசுகிக்கு எல்லாமே கொக்கு.
மெகராஜுக்கு எல்லாமே வாத்து.
எனக்கு, உண்மையைச் சொன்னால்,
எதிர்க்கரையில் பம்பு செட்டு கழுவிய ஆளின்
சிவப்புத் துண்டுதான் முதலில் கிடைத்தது.

காவலர் சிங்காரவேலு கையை நீட்டி நீட்டிச் சொன்னார்:
"அது நாமக்கோழி, நெத்தியப் பாருங்க.
இது நத்தை குத்தி. அலகு மூடாது,
நடுவுல சந்து இருக்கும்."
சந்து என்றதற்கு ஜெயபாரதி ஏன் அப்படிச் சிரித்தாள் என்று
இன்னும் விளங்கவில்லை.

மெகராஜின் இடியாப்ப பிரியாணி,
ஆரோக்கியசெல்வியின் புளியோதரை,
படியிலேயே உட்கார்ந்து தின்றோம்.
கிளம்பும்போதுதான் நோட்டை நீட்டினார்.
நீளக் கணக்கு நோட்டு, நைலான் கயிற்றில் பேனா.
தேதி, பெயர், ஊர், நபர்கள், குறிப்பு.

மேலே ஏழாவது வரியில் என் வீட்டுக்காரர்.

பெயருக்கு முன்னால் கையெழுத்து தெரிந்துவிட்டது.
புள்ளியை வட்டமாகப் போடுவார்,
ரேஷன் விண்ணப்பத்தில், மளிகைச் சீட்டில்,
கல்யாணத்துக்கு முன் எழுதிய ஒரே கடிதத்தில்.
கலியபெருமாள், நீடாமங்கலம்.
கிழமை வியாழன்.
வியாழன் அவருக்கு ஒரத்தநாட்டில் உர வசூல்.
ஷூவில் சேறு, கேட்டால் வயல் என்பார்.

நபர்கள் என்ற பத்தியில் என் விரல் போய் நின்றது.
ஒன்று.

பக்கத்தைத் திருப்பினேன். ஒன்று.
ஐப்பசியில் மூன்று வியாழன்,
ஒன்று, ஒன்று, ஒன்று.
இரண்டு என்று எங்காவது இருந்திருந்தால்
என்ன செய்வதென்று எனக்குத் தெரியும்.
அழலாம், அண்ணனுக்குப் போன் போடலாம்,
சட்டைப்பையைத் துழாவலாம்.
ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

குறிப்பில் எழுதியிருந்தார்.
"மழை. ஒன்றும் தெரியவில்லை. இருந்தேன்."
"அரிவாள் மூக்கன் நாற்பதுக்கு மேல்."
குழம்பில் உப்பில்லாவிட்டாலும்
தட்டை மட்டும் நகர்த்தி வைக்கிற மனுஷன்.
கடைசியாகப் போன வாரம்,
"புள்ளி மூக்கு வாத்து ஜோடியாக இருந்தது.
இன்று ஒன்றைக் காணோம்."

வேன் ஹாரன் அடித்தது.
பைனாகுலரைத் திரும்பக் கேட்டேன்.
புள்ளி மூக்கு எங்கே உட்காரும்?
"வியாழக்கிழம ஒரு சார் வருவாரு,
அவரும் இதத்தான் கேட்டாரு."
அப்படியா என்றேன்.

செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினேன்.
ஆகாயத்தாமரை ஓரம் ஒரு பழுப்பு முதுகு.
அலகு நுனியில் மஞ்சள். மஞ்சள்தான்.
அதற்குப் பின்னால் இன்னொன்று,
அல்லது அதன் நிழல்.
வெயில் சாய்ந்திருந்தது, கையும் நிற்கவில்லை.
கீழிருந்து நான்கு பேர் என் பெயரைக் கத்தினார்கள்,
அந்தச் சத்தத்துக்கு நாமக்கோழிகள் மட்டும்
கொஞ்சம் தள்ளிப் போயின.

பெயர் எழுதினேன். ஊர் எழுதினேன்.
நபர்கள் ஐந்து.
பேனாக் கயிறு குட்டை,
குறிப்பு வரைக்கும் எட்டவில்லை,
நோட்டையே இழுத்துச் சாய்த்து எழுதினேன்:
"ரெண்டும் இருக்கு."

அன்று ஞாயிறு.
திரும்பும்போதும் கேட் மூடியிருந்தது.