ஒன்று பாக்கி

எட்டு மணி நேரம் தூங்கவிடு என்கிறது கையேடு.
தூங்கியது.
தலவாக்கலைக் குளிர் இரவு முழுக்க
பொனட்டின் மேல் குந்தியிருந்தது.
ஐந்தரைக்குச் சாவியைத் திருப்பினேன்.

நேற்று மாற்றியது ஓர் ஆக்சிஜன் சென்சர்,
வெடிப்பு விட்ட ஒரு வெக்யூம் குழாய்.
மஞ்சள் விளக்கை ஸ்கேனரால் அழித்ததும் நான்தான்.
அழிப்பது லேசு.
பொத்தானை அழுத்தினால் எந்த எஞ்சினும்
ஒரு பொழுதுக்குப் பாவமற்றது.

மெர்சலின் மிஸ்ஸுக்கு அது போதாது.
பிரசவம் பார்க்க ஓடுகிற கார்.
போன மாதம் மேக்கணக்கு ஏற்றத்தில்
நடுச்சாமம், இருமி இருமி நின்றுவிட்டது.
கடைசி முக்கால் மைல் பையோடு நடந்தாராம்.
"லைட் எரியலன்னு சொல்லாத பாஸ்,
சரியாயிருச்சுன்னு சொல்லு."

ஆகவே இந்த ஓட்டம்.
இரண்டரை நிமிடம் சும்மா நிறுத்து. நிறுத்தினேன்.
ஏசியைப் போடு. போட்டேன்,
பல்லைக் கடித்துக்கொண்டு.
பிறகு தொண்ணூறில் போ,
வேகம் மாறாமல், ஐந்து நிமிடம்.

ஐந்து நிமிடம்!
எழுதியவன் தட்டைத் தேசத்துக்காரன்.
எங்கள் பாதை
ஐந்து எண்ணுவதற்குள் இரண்டு தரம் மனம் மாறும்.
கொழுந்து லொறிக்கு ஒதுங்க வேண்டும்,
வெள்ளைச் சீருடைகளுக்கு நிற்க வேண்டும்.
பிரேக்கைத் தொடாமல் இருபதுவரை உருண்டு வா
என்றும் எழுதியிருக்கிறான்.
அவன் வந்து உருளட்டும்
சென் கிளேயர் வளைவில்.

இருப்பதில் நேரான துண்டு நீர்த்தேக்கத்தோரம்.
போனேன். திரும்பினேன். போனேன்.
ஐம்பதைத் தாண்ட இடமில்லை,
ஐம்பதையே பிடித்தேன்,
தளும்பத் தளும்பப் பாலேந்தியவன்போல்
வலது பாதத்தால்.
நாலாம் தடவை
காவலாளி குடையை நீட்டி மறித்தார்.
"மொகத மே?"
எஞ்சினைச் சோதிக்கிறேன்.
சத்தம் நல்லாத்தானே இருக்கு, சிங்களத்தில் அவர்.
சத்தத்தை நம்ப ஏலாது ஐயா, சிங்களத்தில் நான்.
குனிந்து திரையைப் பார்த்தார்.
மிஸ்ஃபயர் தயார். எரிபொருள் தயார்.
சென்சர் தயார்.
கெட்டலிஸ்ட் தயார் இல்லை.
கொஞ்சம் யோசித்தார்.
பின்னால் வந்த ஆட்டோவைக் குடையால் நிறுத்திவைத்து
"இன்னொரு ரவுண்டு போ" என்றார்.

எட்டாவது ரவுண்டுக்கும் அது மசியவில்லை.

பில் எழுதினேன்.
சென்சர் ஒன்று, குழாய் ஒன்று, கூலி.
அடியில்: மூன்று தயார், ஒன்று பாக்கி.
கூலியில் பாதிதான் வாங்கினேன்.
மிஸ் இரண்டு தரம் படித்தார். கோபப்படவில்லை.
"நாங்களும் வயித்துல கை வச்சுப் பாத்துட்டு
இப்படித்தான் எழுதிட்டு வருவோம்."
ஸ்கேனரைக் காரிலேயே விட்டு அனுப்பினேன்.

வியாழன் இரவு, மணி ஒன்றரை.
கைபேசியில் ஒரு படம்.
ஆடிப்போன திரை, நாலும் பச்சை.
கண்ணாடிக்கு அப்பால் மழையில்
லயத்து விளக்கு ஒன்று கரைந்திருந்தது.
எந்தப் பாதையில் மிஸ்,
எங்கே கிடைச்சது அவ்வளவு நேர் ரோடு?

தெரியாது பாஸ்,
நான் திரையவா பாத்தேன்.
பொம்பளப்புள்ள. ரெண்டே முக்கால் கிலோ.
மிச்சக் காசு நாளைக்கு.