பச்சை வளையம்

ஷிஹாபின் டையை இரவல் வாங்கி
குளியலறைக் கதவின் வெள்ளையைப் பின்னால் வைத்து
எடுத்த படம் இது.
மார்புக்கு மேலே நான்
டாகுமெண்ட் கண்ட்ரோலர், பதினோரு வருட அனுபவம்.
கீழே சாரம்.

லிங்க்ட்இன் அந்தப் படத்தைச் சுற்றி
ஒரு பச்சை வளையம் மாட்டியது:
வேலைக்குத் தயார்.
ரோலாவில் எங்கள் கட்டிடத்துக்குக் கீழுள்ள கடையில்
நாளையோடு கெட்டுப்போகும் தயிர்மேல்
ஒட்டுகிற காகிதமும் இதே பச்சை.

வளையம் போடும் முன்
ஊர்க்காரர்களை ஒவ்வொருவராகத் தடுத்தேன்.
மச்சானை, மச்சானின் கூட்டாளியை,
குவைத்தில் இருக்கும் சபைச் செயலாளர் மகனை.
உலகம் முழுக்கத் தெரியவேண்டும்,
கருங்கல்வரை போய்ச் சேரக்கூடாது.
விஜிலாவைத் தடுக்கவில்லை.
அவளுக்கு இதில் கணக்கே கிடையாது.

ஜூனில் புராஜெக்ட் முடிந்தது.
அதன்பிறகு மாதாமாதம்
கிராஜுவிட்டியில் கிள்ளிக் கிள்ளிச்
சம்பளமென்று அனுப்பினேன்.
சந்தேகம் வராதிருக்க
கம்பெனி மாதிரியே நான்கு நாள் தாமதமாக.
ராத்திரி வீடியோ காலுக்கு
மாடிப்படியில் உட்கார்ந்து
பழைய அடையாள அட்டையை மாட்டிக்கொள்வேன்,
காலாவதித் தேதியைப் பெருவிரலால் மூடி.
‘இன்னைக்கும் ஓவர்டைமா?’ என்பாள்.
‘ஆமா’ என்பேன்.

வாட்ஸ்அப்பில் எட்டுக் குழுக்கள்.
‘அவசரம், ஷார்ஜா, உடனடி விசா’
என்று நேற்று வந்த செய்தியின் அடியில்
நோன்பு திறக்கக் கஞ்சி உண்டு என்றிருந்தது.
ரமலான் போய் எத்தனை மாதம்.
ஒரு ஹெச்.ஆர். மேடம்
விசா செலவுக்கு முந்நூற்றைம்பது திர்ஹாம் கேட்டாள்.
அவள் முகத்தைப் பிறகு
பல் மருத்துவமனை விளம்பரத்தில் பார்த்தேன்.
நல்ல பல்.

விசா கான்சல் ஆகி மிச்சம் இருபத்திரண்டு நாள்
என்ற இரவில்தான் அந்தப் பதிவை எழுதினேன்.
நான்கு இடத்தில் ‘கைண்ட்லி’ போட்டிருந்தேன்.
கீழ்க்கட்டிலில் ஷிஹாப் புரண்டு
‘வெளிச்சத்தைக் குறை’ என்றான்.

காலையில் முகம் தெரியாத ஒன்பது பேர்
சி.எஃப்.பி.ஆர். என்று எழுதியிருந்தார்கள்.
நான்கு பேர் கண்ணில் படட்டும் என்று போடுவது.
அவர்களிடமும் வேலை இல்லை,
அவர்கள் படத்தைச் சுற்றியும் பச்சை.
மூழ்குகிறவன் இன்னொருவனைக் காட்டிக்
கை தட்டுவதுபோல.

பத்தாவதும் அதே நான்கெழுத்து.
புள்ளிகள் மட்டும் இடம் மாறி.
படம் இல்லை. தொடர்புகள்: பூஜ்யம்.
பெயர்: விஜிலா டென்சிங்.

அந்தப் பெயரை அழுத்தினேன்.
நாளைந்து கட்டங்களில் ஒன்றைத்தான் நிரப்பியிருந்தாள்.
பில்லிங், ஜவுளிக்கடை, மார்த்தாண்டம்.
ஜூலை முதல் இன்றுவரை.

ஜூலை முதல்.

யார் சொல்லியிருப்பார்கள் என்று
தடுத்தவர்கள் பட்டியலைத் திறந்து
ஒருவர் விடாமல் சந்தேகப்பட்டேன்.
நஹ்தா பாலத்தின்மேல் பஸ் நின்றபோது உறைத்தது:
கம்பெனி ஒருநாளும்
அத்தனை ஒழுங்காகத் தாமதித்ததில்லை.
ஒரு மாதம் பத்து நாள், ஒரு மாதம் மூன்று.
நான்தான் மாதம் தவறாமல் சரியாக நான்கு.

பகலெல்லாம் அவளுக்குச் செய்தி தட்டினேன்,
அழித்தேன், தட்டினேன்.
‘தட்டச்சு செய்கிறார்’ என்று
பில் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்த போனில்
அவளுக்குத் தெரிந்திருக்கும்.
அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

இரவு எட்டரைக்கு மாடிப்படி.
அட்டை மேலே பையிலேயே கிடந்தது.
ஊரில் மணி பத்து.
திரை இரண்டு முறை உறைந்து
பிறகு அவள் வந்தாள், தலைமுடி கலைந்து,
கழுத்தில் நீலப் பட்டையில் ஓர் அட்டை.
கழற்ற மறந்தாளா, கழற்றவில்லையா.

‘சாப்டாச்சா?’ என்றேன்.
‘இல்ல, இப்பத்தான் வாறேன்.
தீபாவளிக் கூட்டம்’ என்றாள்.
கொஞ்சம் நிறுத்தி,
‘ஓவர்டைம்.’